கருத்தரங்கின் உள்ளேயும் வாசலிலும்

மாரண்டஹள்ளியிலிருந்து பென்னாகரம் போவதைப் பயணம் என்று எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "மாவட்டத்துக்குள்ளயே தான போற? இதுக்கு ஒரு வாரமா பை கட்டறயே, துபாய்க்கா போற?" என்றார் என் கணவர். ஓசூரில் கம்பெனி வேலை அவருக்கு, ஷிப்டு முறை. பஸ் என்பது அவருக்குக் கண்ணை மூடித் தூங்குகிற இடம். ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவளுக்கு மாவட்டத்தின் அந்தக் கோடி வெளிநாடுதான். அங்கே தண்ணீர் எப்படி இருக்கும், பாப்பா எங்கே தூங்குவாள், எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பது, ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன்னால் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். ஒன்றைக் கல்யாணத்துக்கு முன்பே வாசித்துவிட்டேன். இரண்டாவது, கல்யாணத்தால் ஒருமுறை, வாந்தியால் ஒருமுறை, பிரசவத்தால் ஒருமுறை என்று தள்ளிப்போனது. என் நெறியாளர் போனில் சொல்லிவிட்டார்: "ஜெனிட்டா, இத விட்டா இந்த வருஷம் வேற இல்லம்மா. நேர்ல நின்னு வாசிக்கணும். ஆன்லைன் எல்லாம் கிடையாது." இன்னொரு வருடம் தள்ளிப்போட்டால் நான் அதோடு படிப்பை விட்டுவிடுவேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

கட்டுரையின் பொருள் என்ன என்று கேட்டால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தாங்கள் போய்வந்த கருத்தரங்குகளை ஆங்கிலத்தில் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதுதான் பொருள். ஒருவர் 'அட் த கான்ஃபரன்ஸ்' என்று எழுதுவார். இன்னொருவர் 'இன் த கான்ஃபரன்ஸ்' என்பார். 'ஆன் த செமினார்' என்றும் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்களிடமெல்லாம் பயோடேட்டா கேட்டு வாங்கி, இந்த வரிகளை மட்டும் எழுதி எடுத்தேன். சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் 'அட்' போடுகிறார்கள், மேடையேறி வாசித்தவர்கள் 'இன்' போடுகிறார்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அட் என்றால் வாசல் வரை. இன் என்றால் உள்ளே. பாப்பா வயிற்றில் இருந்தபோது எழுதியது அது. அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு எடுத்துப் படித்தபோது பாதி உதாரணங்கள் என் முடிவுக்கு எதிராகவே நின்றன. திருத்தலாமா, அப்படியே வாசிக்கலாமா என்று கிளம்புகிற நாள் வரை முடிவு செய்யவில்லை.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. 'செமினாருக்குப் போயிருந்தேன்' என்கிறோம், 'கல்யாணத்துக்குப் போயிருந்தேன்' என்கிற மாதிரி. போய் என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள்.

கருத்தரங்கு இரண்டு நாள். அதற்கு முந்தின நாளே கிளம்பி, இண்டூருக்குப் பக்கத்தில் இருக்கும் என் கணவரின் அக்கா ஸ்டெல்லா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கருத்தரங்கு நடக்கும்போது பாப்பாவை அவர் பார்த்துக்கொள்வார், பசித்தால் பாட்டிலில் பால். ஒரு மாதமாகப் பாட்டிலைப் பழக்கியிருந்தேன்.

தர்மபுரி பஸ் நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல்கள் வழியாகத் துண்டுகள் உள்ளே பறந்தன. ஒரு கூடை பறந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறியபோது எல்லா இருக்கையிலும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. "ஆள் வருதுங்க" என்றார் ஒருவர், பச்சைத் துண்டுக்குக் காவலாக. அந்த ஆள் வண்டி கிளம்புகிறவரை வரவில்லை. துண்டுதான் உட்கார்ந்து வந்தது. ஏன் எடுத்துவிட்டு உட்காரவில்லை என்று பிறகு யோசித்தேன். உட்கார முடியாது. எங்கள் மாவட்டத்தில் துண்டு போட்ட இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

கடைசியில் இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு தங்களுக்குள் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார்கள். "குழந்தை தலைக்குக் குல்லா இல்லை, பார்." "படித்தவள் மாதிரி இருக்கிறாள்." "படித்ததால்தான் குல்லா இல்லை." மாரண்டஹள்ளிக்காரிக்குக் கன்னடம் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. குல்லா பையில் இருந்தது. எடுத்துப் போட்டால் புரிந்துவிட்டது என்று தெரிந்துபோகும். போடாவிட்டால் பாப்பாவுக்குக் காற்று. நான் யோசித்து முடிப்பதற்குள் வண்டியின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது.

பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டர் எங்களை அதில் ஏற்றினார். "சீக்கிரம் ஏறுங்க, கொழந்தக்காரம்மா மொதல்ல ஏறுங்க!" அந்த அவசரத்தில் யாரோ என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். இண்டூரில் இறங்கி நின்றபோது தோளில் என் கட்டுரை இருந்த பை இருந்தது. பாப்பாவின் பை இல்லை. குல்லா, பாட்டில், பால் பவுடர் எல்லாம் புகை வந்த வண்டியோடு போய்விட்டன.

"பாட்டில் போனா போவுது, பாப்பா இருக்கறா இல்ல? வூட்டுக்கு வா மொதல்ல" என்றார் அண்ணி. அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். தன் சாமந்தித் தோட்டத்தில் ஆட்களோடு கத்திப் பழகிய குரல். ராத்திரிக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்திருந்தார். எங்கள் வீட்டில் களிக்கு நொய் சேர்ப்போம், இங்கே சுத்த ராகி. கை சுட, உருண்டையைக் குழம்பில் தொட்டு விழுங்கிக்கொண்டே நான் பாட்டிலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் புதிதாக ஒன்று வாங்கினோம். பாப்பா அதன் காம்பை நாக்கால் வெளியே தள்ளினாள். சங்கில் புகட்டினால் அண்ணியின் மேலேயே துப்பினாள்.

"அவளுக்கு உன்னத்தான் வேணும். வேற வழி இல்ல ஜெனி. பசிச்சா நீ எந்திரிச்சு வா."

"நடுவுல எந்திரிச்சு வர முடியாதுங்க அண்ணி. அது செமினாரு."

"செமினாருன்னா என்ன, பூசையா? ஞாயித்துக்கெழமப் பூசையிலயே கொழந்த அழுதா வெளிய போறோம்."

பஸ்ஸில் இடம் கிடைக்காத கதையைச் சொன்னேன். அதைக் கேட்டு அவருக்கு எரிச்சல். "துண்டு போடத் தெரியாதவ பஸ்சுல எதுக்கு ஏறணும்?"

மறுநாள் காலையில் அவரே செய்து காட்டினார். பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, என் தோளில் கிடந்த அவளுடைய துண்டை உருவினார். மஞ்சள் நிறம், ஓரத்தில் வாத்துப் படம். நகர்ந்துகொண்டிருந்த பென்னாகரம் பஸ்ஸின் ஜன்னலில் அதை எறிந்தார். உள்ளே ஒருவர், "என்னாங்க இது, கொழந்தத் துண்டு?" என்றார்.

"கொழந்தைக்குத்தாங்க சீட்டு. நாங்க சும்மா கூட வர்றோம்."

உள்ளே இருந்தவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் உட்கார்ந்து போனோம்.

கல்லூரி பென்னாகரத்துக்கு வெளியே இருந்தது. வாசலில் பெரிய பிளெக்ஸ் பேனர், சிறப்பு விருந்தினரின் படம், அதற்குக் கீழே நாலு ஆடுகள் நிழலுக்கு நின்றன. எங்கள் பக்கம் கல்லூரி வாசலில் தக்காளி வண்டி நிற்கும். இங்கே ஆடுகள். மேய்ப்பவர் பேனரில் சாய்ந்துகொண்டு போன் பேசினார்.

அண்ணியையும் பாப்பாவையும் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போவதாகத்தான் திட்டம். பதிவு மேசைக்கு வருவதற்குள் கருத்தரங்கின் அமைப்பாளர் ஓடிவந்தார். பட்டுச் சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. "மேடம், நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்து முன்னாடி உக்காருங்க. பசங்களுக்கு பிராக்டிகல் போட்டுட்டாங்க, ஹால் காலியா கெடக்குது. சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. போட்டோவுல காலி சேர் தெரியக் கூடாது."

"இவங்க பார்ட்டிசிபன்ட் இல்லைங்க சார். என் அண்ணி. கொழந்தையப் பாத்துக்க வந்தாங்க."

"அதனால என்னங்க? கொழந்தையும் உக்காரட்டும்." மேசையில் இருந்த மாணவியிடம் திரும்பினார். "இவங்க பேரையும் எழுதிக்கம்மா. ஒரு ஃபைல் குடு."

"எந்தப் பேப்பர்ல சார் எழுதறது?"

"அந்த மேடம் பேப்பர்லயே சேத்து எழுது. சீக்கிரம்."

அண்ணியின் சேலையில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. கையில் ஃபைலும் பேனாவும். ஒரு கட்டுரைக்கு இன்னொருவர் பெயரைச் சேர்ப்பது சாதாரண விஷயமா? சொல்லித் திருத்தலாம் என்று திரும்பினேன். அதற்குள் குத்துவிளக்கு ஏற்ற எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். எனக்கு எல்லாமே அப்புறம்தான்.

முதல் வரிசையில் நாங்கள். பாப்பா விளக்கின் சுடரைப் பார்த்து வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடி பொன்னாடை. சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கி, முடிக்கிறேன் முடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வெகுநேரம் பேசினார். அண்ணி என் காதில், "இவுரு எறங்கற ஸ்டாப்பு வரலயாட்டம் இருக்குது" என்றார். பின்வரிசையில் யாருக்கோ கேட்டுவிட்டது, இருமினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் நின்றபோது முன்னால் இரண்டு பேராசிரியர்கள். "போன மாசம் சேலத்துல போட்டாங்களே, அதுல மட்டன். இங்க சாம்பார் சாதம்." "சர்டிபிகேட் இன்னைக்கே கேட்டா தருவாங்களா?" "வேலடிக்டரிலதான் தருவாங்களாம்." "அப்ப நாளைக்கும் இருக்கணுமா? அநியாயங்க." இரண்டு பேருமே கட்டுரை வாசிக்கவேண்டியவர்கள். என் ஆய்வுக்கு இவர்களிடம் பயோடேட்டா கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

மதியம் என் பெயர் இருந்தது. சிறப்பு விருந்தினர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மதியமே கரைந்துவிட்டது. அமைப்பாளர் வந்து, "நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம். காலைல ஃபர்ஸ்ட் நீங்கதான்" என்றார். நடுவில் இரண்டு தடவை பாப்பாவுக்குப் பால் கொடுக்க இடம் தேடினேன். பெண் ஆசிரியர்களின் அறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் லீவு. கடைசியில் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர் அம்மா, பாட்டில்கள் அடுக்கிய ஸ்டோர் அறையைத் திறந்துவிட்டார். "எதையும் தொட்றாதீங்க கண்ணு" என்றார். அம்மோனியா வாசனையில் உட்கார்ந்து, இந்தக் காற்று குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று யோசித்துக்கொண்டே பால் கொடுத்தேன்.

அன்று மாலை பென்னாகரம் கடைத்தெருவில் மீன் வறுக்கிற வாசனை. ஒகேனக்கல்லிலிருந்து வந்த மீன் என்றார்கள். அண்ணி இலையில் மடித்து வாங்கினார். நான் ஒரு துண்டுக்கு மேல் சாப்பிடவில்லை. மீன் தின்றால் பாலுக்கு நல்லது என்று அண்ணியும், காரம் தின்றால் பாப்பாவுக்கு வயிறு வலிக்கும் என்று மீன்காரரின் மனைவியும் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று பஸ் வரும்வரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் அங்கே இல்லாததுபோல.

இரண்டாம் நாள் காலையில் முதலில் நான் இல்லை. பெங்களூர் பஸ் பிடிக்கவேண்டிய ஒருவருக்கு என் இடத்தைக் கொடுத்திருந்தார்கள். அமர்வுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மேசை மேல் ஒரு மணி வைத்திருந்தார், தலையில் தட்டினால் ஒலிக்கிற பித்தளை மணி. சொன்ன நேரம் முடிந்ததும் பேசுகிறவர் எந்தச் சொல்லில் இருந்தாலும் தட்டினார். போய் என் முறை எப்போது என்று கேட்டேன். "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்கம்மா."

பாப்பா சிணுங்கத் தொடங்கினாள். மூன்று பேர் என்றால் நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் அறைக்குப் போனேன்.

தாழ்வாரத்தில் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அரங்கில் பேசுவது அதில் கேட்டது. பாப்பா குடிக்கத் தொடங்கி, கண்கள் செருகிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில் ஒரு பெயர் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. "ஆப்சென்ட்." இன்னொரு பெயர். "ஆப்சென்ட்." சாப்பாட்டு வரிசையில் பார்த்த அந்த இருவராகத்தான் இருக்க வேண்டும். மூன்றாவது பெயருக்கும் ஆள் இல்லை.

"ஜெனிட்டா அண்ட் ஸ்டெல்லா மேரி."

எழுந்தால் பாப்பா விடுபட்டு அழுவாள். எழாவிட்டால் அவ்வளவுதான். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"ஆப்சென்ட்? நெக்ஸ்ட்..."

"இருக்கோங்க! இருக்கோம்!" மைக் இல்லாமலே அண்ணியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். பிறகு இன்னும் பக்கத்தில், "இருக்கோங்க சார்."

"வாங்க. நீங்க கோ-ஆத்தர்தானே? நீங்களே வாசிக்கலாம்."

"நான் ஸ்டெல்லாங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க, அது இங்கிலீசு. வாசிக்கறவ எந்தம்பி சம்சாரம். பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு இருக்கறா. இதா வந்துருவா."

சிரிப்பு. மணி ஒருமுறை ஒலித்தது.

"அம்மா, நேரம் இல்லை. அடுத்தவர் வாசிக்கட்டும். அவங்க வந்தா அப்புறம் பாக்கலாம்."

"பாக்கலாம்னா பாக்க மாட்டீங்கன்னு அர்த்தங்க. நேத்தும் நாளைக்குப் பாக்கலாம்னுதான் சொன்னாங்கோ."

"இப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"ஒண்ணும் செய்ய வேணாங்க. நான் துண்டு போட்டுட்டேன்."

ஸ்பீக்கரில் எழுந்த சிரிப்பில் ஸ்டோர் அறைப் பாட்டில்கள் அதிர்ந்தன என்று நினைக்கிறேன். பாப்பா திடுக்கிட்டு வாயை எடுத்தாள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டே ஓடினேன். ஓடும்போதுதான் கட்டுரைப் பை ஸ்டோர் அறையிலேயே இருப்பது நினைவு வந்தது. திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

அரங்கத்துக்குள் போனதும் பார்த்தேன். பேச்சாளர் நிற்கிற மரமேசையின் மேல், மைக்குக்குப் பக்கத்தில், வாத்துப் படம் போட்ட மஞ்சள் துண்டு விரித்திருந்தது. அதன் ஒரு ஓரத்தைப் பிடித்தபடி அண்ணி நின்றார். மேடைக்குக் கீழே கோட்டு போட்ட ஒரு இளைஞர், அடுத்து வாசிக்கவேண்டியவர், பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஏறி அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

அமர்வுத் தலைவர் என்னைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். "நானும் இந்த மாவட்டந்தாம்மா. துண்டு போட்ட எடத்துல வேற ஆளை உக்கார வைக்க முடியாது. அஞ்சு நிமிஷம். ஆரம்பிங்க."

பாப்பாவை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். காகிதங்கள் வரிசை மாறிக் கிடந்தன. முன்னுரை கிடைக்கவில்லை. முடிவுரை கையில் வந்தது, ஆனால் அதில் எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் உதாரணங்களை வாசித்தேன். பெயர் சொல்லாமல், பயோடேட்டா வரிகளை மட்டும். 'அட்' என்று எழுதியவர், 'இன்' என்று எழுதியவர், ஒரே பக்கத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியவர், பயந்துபோய் இரண்டையும் விட்டுவிட்டு வெறும் ஊர்ப் பெயரைப் போட்டவர். முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு பலர். தங்கள் வரியை அதில் கேட்டிருப்பார்கள்.

பாப்பா அழத் தொடங்கினாள். அமர்வுத் தலைவர் மணியைத் தட்டினார். நான் நிறுத்தினேன். அவர் கையசைத்துத் தொடரச் சொன்னார். தொடர்ந்தேன். மறுபடி மணி. மறுபடி நிறுத்தினேன். "உங்களுக்கு இல்லம்மா, அவளுக்கு" என்றார். பாப்பா அழுகையை விட்டுவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எது நேரம் முடிந்த மணி, எது பாப்பாவின் மணி என்று எனக்குப் புரியவே இல்லை. ஒவ்வொரு மணிக்கும் இதுதான் கடைசி வாக்கியம் என்று நினைத்து ஒரு வாக்கியம் சொன்னேன். அப்படிப் பல கடைசி வாக்கியங்கள் சொன்னேன்.

கோட்டு போட்ட இளைஞர் கேள்வி கேட்டார். கோபமில்லை, உண்மையான சந்தேகம் மாதிரிதான் இருந்தது. "மேடம், வாசிக்கறவங்க 'இன்', சும்மா வந்தவங்க 'அட்'டுன்னு சொல்றீங்க. இவ்ளோ நேரம் நீங்க வெளிய இருந்தீங்களே. அப்ப நீங்க எதுல சேத்தி? இந்த அம்மா எதுல சேத்தி?"

"தெரியலைங்க" என்றேன். பிறகு சொன்னேன்: "நான் சேத்த உதாரணத்துல வாசல்ல உக்காந்து ஸ்பீக்கர்ல கேட்டவங்க யாரும் இல்ல. வேற ஒருத்தருக்காக உள்ள நின்னவங்களும் இல்ல. அவங்களுக்கெல்லாம் பயோடேட்டா கிடையாது. என் முடிவ மாத்தணும்னு நினைக்கறேன்." மணி ஒலித்தது. இந்தத் தடவை அது எனக்குத்தான்.

கீழே இறங்கி வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டேன். வாசித்தேனா, உளறினேனா? முடிவை மாற்றணும் என்று மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டுமா? நெறியாளருக்குப் போன் செய்தேன்.

"வாசிச்சியாம்மா?"

"வாசிச்சேன் சார். ஆனா முன்னுரை விட்டுப்போச்சு. முடிவுரையும்..."

"வாசிச்சியா, இல்லையா?"

"வாசிச்சேன் சார்."

"அப்புறம் என்ன? போய்ச் சாப்பிடு."

மாலையில் நிறைவு விழா. என் பெயரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், கட்டுரை வாசித்ததாக. கையில் வாங்கியதும் இரண்டு முறை படித்தேன். அடுத்ததாக ஸ்டெல்லா மேரி என்று கூப்பிட்டார்கள். அண்ணி பாப்பாவோடு ஏறி, நிறைவு விழாவுக்கு வந்திருந்த விருந்தினருக்கு ஒரு கையால் பாதி வணக்கம் வைத்து வாங்கிவந்தார். அதிலும் கட்டுரை வாசித்ததாகத்தான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அமைப்பாளரிடம் போய், அவர் வாசிக்கவில்லை, எழுதவும் இல்லை, நேற்றே சொல்லியிருக்க வேண்டும், கட்டுரை என் ஒருத்தியுடையது என்று கொட்டினேன். அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நோட்டில் அண்ணியின் பெயரைக் கட்டுரையிலிருந்து அடித்தார். "சர்டிபிகேட்ட மாத்தித் தர வேற தாள் இல்லீங்க மேடம். திருப்பி வேணா வாங்கிக்கறேன்."

அண்ணி பக்கத்திலேயே நின்றார். "இந்தாங்க, எனக்கு எதுக்கு?" என்று நீட்டினார். நீட்டிய கையில் அது கொஞ்சமும் கசங்காமல் இருந்தது. அமைப்பாளர் அதை வாங்கினார், படித்தார். ஒரே கோட்டில் 'கட்டுரை வாசித்தார்' என்பதை அடித்து, மேலே 'கலந்துகொண்டார்' என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அண்ணியிடமே திருப்பிக் கொடுத்தார். "நீங்க வந்து உக்காரலன்னா போட்டோ பாழாயிருக்கும்ங்க."

நான் செய்தது சரிதான் என்று பஸ் நிறுத்தம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணி எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் நடந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "கோவமாங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"கோவமா? மீன் வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கறேன்" என்றார். அது உண்மையா என்று இன்றுவரை தெரியாது. மீன் வாங்கினோம். இந்தத் தடவை நான் இரண்டு துண்டு தின்றேன்.

பஸ் வந்தபோது துண்டை என்னிடம் நீட்டினார். நான் எறிந்தது ஜன்னல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, புழுதியைத் தட்டி, மறுபடி எறிந்தார்.

இண்டூரில் இறங்கினால் டீக்கடை ஆணியில் பாப்பாவின் பை தொங்கியது. புகை வந்த பஸ்ஸின் கண்டக்டர், நான் எடுத்தது இண்டூர் டிக்கெட் என்பதை நினைவு வைத்து, அன்று ராத்திரியே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாராம். இரண்டு நாளாக நாங்கள் அதன் எதிரில்தான் பஸ் ஏறியிருக்கிறோம். குல்லா இருந்தது, பாட்டில் இருந்தது. பாட்டிலைப் பார்த்ததும் பாப்பா இரண்டு கையையும் நீட்டினாள்.

மறுநாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பும்போது, அண்ணியின் வீட்டுக்குள் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே அந்தச் சான்றிதழ் செருகியிருந்தது. அடித்த கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது. பூ வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மா அதை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க ஸ்டெல்லா, செமினார்ல பேசுனீங்களாமே? என்னா பேசுனீங்க?"

"பேசறதெல்லாம் இவ பேசுனா" என்று பாப்பாவுக்குக் குல்லா மாட்டிக்கொண்டே என்னைக் கண்ணால் காட்டிச் சொன்னார் அண்ணி. "நான் எடம் புடிச்சேன்."